இடுப்புக்குள் இருப்பது என்ன: சில குறிப்புகள்

முதலில் ஒன்றை எழுதிவிட வேண்டும். இடுப்பு மாற்றுச் சத்திரசிகிச்சை நல்ல சிகிச்சை. 2007-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த கட்டுரை ஒன்று அதை நூற்றாண்டின் சத்திரசிகிச்சை என்றே தலைப்பில் சொன்னது. கட்டிலில் புரளவே முடியாமல் கிடந்தவர்கள் சில மாதங்களில் சீடர்பிரே மோலுக்கு நடந்துபோய்ச் சாமான் வாங்கி வருவதை இங்கே ஸ்காபுறோவின் வோபர்ன் பகுதியில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கீழே வருவதை வாசித்துவிட்டு யாரும் தங்களுக்குக் குறித்த திகதியைத் தள்ளிப்போடக் கூடாது. செய்தபின் எதைக் கவனிக்க வேண்டும், எதை மறக்கக் கூடாது என்பதற்காக எழுதி வைப்பவை இவை.

*

அயலில் உள்ள வயதானவர்களுக்கு ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்வதற்காக அவர்களோடு வைத்தியர்களிடம் போய் வருகிறேன். லோரன்ஸ் அவெனியூவும் மக்கோவன் வீதியும் சந்திக்கும் இடத்தில் ஸ்காபுறோ ஜெனரல், கிழக்கே எல்ஸ்மியர் வீதியில் சென்ரினரி. எங்கள் ஆட்களின் இடுப்புக் கதைகள் பெரும்பாலும் இந்த இரண்டைச் சுற்றித்தான்.

"இதற்கு முன் என்ன சத்திரசிகிச்சை?" என்று கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "இடுப்பிலை பிளேட் வைச்சது."

பிளேட்டா, ஆணியா, அரை மூட்டா, முழு மூட்டா என்று பலருக்குத் தெரியாது. பனியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பின் கழுத்து முறிந்தால் சிலருக்கு ஆணி போட்டுப் பொருத்துவார்கள். சிலருக்குத் தொடை எலும்பின் தலையான பந்தை மட்டும் மாற்றுவார்கள். அது அரை மூட்டு. தேய்மானத்துக்குச் செய்வது பந்தையும் அது பொருந்தும் கிண்ணத்தையும் சேர்த்து மாற்றும் முழு மூட்டு. பின்னால் வரக்கூடிய சிக்கல்கள் மூன்றுக்கும் மூன்று விதம். "பிளேட் வைச்சது" என்ற ஒரு சொல்லோடு புதிய வைத்தியர் முன்னால் போய் உட்கார்ந்தால் அவருக்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாது.

*

சத்திரசிகிச்சைக்குப் பின் வரும் சிக்கல்களை 'அரிது' என்பார்கள். அதைக் கணக்காகப் பார்த்தேன். கனடாவில் ஆண்டுக்கு 60,000-க்கும் மேற்பட்ட இடுப்பு மாற்றுகள் நடக்கின்றன. நூற்றில் ஒருவருக்கு வரும் சிக்கல் என்றால் ஆண்டுக்கு அறுநூறு பேர். மூட்டுக்குள் கிருமித் தொற்றும் நரம்புப் பாதிப்பும் ஏறத்தாழ இந்த அளவில் வருபவை. இவற்றைவிட மிக அரிதானவையும் உண்டு. அவை வந்த வீட்டுக்கு அந்தச் சதவீதம் எந்த ஆறுதலும் தராது. அவர்களுக்கு வேண்டியது, இது எதனால் என்று சரியான நேரத்தில் ஒருவர் கண்டுபிடிப்பது.

*

நரம்பு. இடுப்பு மூட்டின் பின்புறத்தை ஒட்டியே சயாற்றிக் நரம்பு இறங்குகிறது. சத்திரசிகிச்சையின்போது அது இழுபட்டாலோ, நசுங்கினாலோ, பின்னர் இரத்தம் கட்டி அதை அழுத்தினாலோ பாதம் தொங்கிப்போகும். கால் பல ஆண்டுகளாகக் குட்டையாகிக் கிடந்து ஒரேயடியாக நீட்டப்பட்டவர்களுக்கும், பிறவியிலேயே இடுப்பு மூட்டு சரியாக அமையாதவர்களுக்கும் இந்த ஆபத்து கூட.

மயக்க மருந்தின் தாக்கம் தீர்ந்தபின் தாதி வந்து பாதத்தை மேலே மடக்கச் சொல்வார். ஆங்கிலம் விளங்காத ஒருவர் தலையை ஆட்டிவிட்டுப் பாதத்தைக் கீழே அழுத்திக் காட்டுவார். இரண்டும் வேறு வேறு அசைவு. கீழே அழுத்த முடிந்தும் மேலே தூக்க முடியாமல் இருப்பதுதான் கவனிக்க வேண்டிய அடையாளம். நான் பக்கத்தில் நின்றால் இப்படிக் கேட்பேன்: "அன்ரி, பெருவிரலை உங்கட முகத்தைப் பார்க்கிற மாதிரி மேலே தூக்குங்கோ." முடியவில்லை என்றால் உடனே சொல்ல வேண்டும். இரத்தக்கட்டு அழுத்துகிறதென்றால் அதை எடுப்பதற்கு மணித்தியாலங்கள்தான் இருக்கின்றன. மற்ற வகைப் பாதிப்பில் நரம்பு மெல்ல மெல்ல மீளும். அதற்கு மாதங்கள் எடுக்கும், சிலருக்கு முழுதாக மீளாது. அதுவரை பாதத்தைத் தாங்கிப் பிடிக்கும் பட்டை போட்டு நடக்க வேண்டும்.

*

வயிறு. இடுப்பைச் செய்தவருக்கு வயிறு ஏன் ஊத வேண்டும்? பெருங்குடலில் அடைப்பு எதுவும் இல்லாமலே அது இயக்கம் நின்று காற்றால் வீங்கும் நிலை ஒன்று உண்டு. 1948-இல் விவரித்த ஆங்கிலேயச் சத்திரசிகிச்சை நிபுணரின் பெயரால் ஓகில்வி நோய்க்குறி என்கிறார்கள். இடுப்பு, முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சைகளுக்குப் பின் வயதானவர்களுக்கு அரிதாக வரும். வலி மருந்துகளும், படுத்தே கிடப்பதும், உடலில் பொற்றாசியம் குறைவதும் அதைத் தூண்டும். கவனிக்காமல் விட்டால் குடல் வெடிக்கவும் கூடும்.

எங்கள் வீடுகளில் இதை "மலச்சிக்கல்தானே, ரெண்டு நாளிலை சரியாயிடும்" என்று சொல்லிக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பார்கள். சாதாரண மலச்சிக்கல்தான் மிகக் கூடுதல், அது உண்மை. ஆனால் வயிறு மேளம்போல் இறுகி, வாந்தியும் சேர்ந்தால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

*

மனக்குழப்பம். சத்திரசிகிச்சைக்குப் பிறகு முதியவர்களுக்குத் திடீரென்று வரும் குழப்பநிலை அரிதல்ல. எலும்பு முறிந்து வந்தவர்களுக்கு இன்னும் கூட. தொற்று, இதயம், சிறுநீர் அடைப்பு, மருந்து எது வேண்டுமானாலும் அதற்குப் பின்னால் இருக்கலாம். தமிழ் மட்டும் பேசும் ஒருவர் இரவில் பிதற்றினால் அது பிதற்றலா, தண்ணீர் கேட்கிறாரா என்று அங்கே நிற்பவருக்கு எப்படித் தெரியும்? "அம்மா இப்பிடிக் கதைக்கிறவ இல்லை" என்று பிள்ளை சொல்லும் ஒரு வசனம் பெரிய மருத்துவத் தகவல். காதுக் கருவியையும் கண்ணாடியையும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். வீட்டில் மறந்துவிட்டுப் போகாதீர்கள்.

*

இங்கிலாந்தின் ரைற்றிங்ரன் வைத்தியசாலையில் ஜோன் சார்ன்லி. இன்றைய இடுப்பு மாற்று அவரிடமிருந்துதான் வருகிறது. 1950-களின் கடைசியில் அவர் கிண்ணத்துக்கு டெஃப்லோனைப் பயன்படுத்தினார். தொடக்கத்தில் எல்லாம் நன்றாக இருந்தது. சில ஆண்டுகளுக்குள் டெஃப்லோன் தேய்ந்து, அதன் துகள்கள் சுற்றியிருந்த தசையைப் புண்ணாக்கி எலும்பையும் அரித்தன. நூற்றுக்கணக்கானோருக்கு வைத்ததை அவர் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது. பிறகு தன்னுடைய தொடையிலேயே டெஃப்லோனையும் பொலிஎதிலீனையும் சிறிது சிறிதாக வைத்துச் சோதித்தார். டெஃப்லோன் வைத்த இடம் அழன்றது; மற்றது அடங்கிக் கிடந்தது. 1962 நவம்பரில் பொலிஎதிலீன் கிண்ணம் வைக்கத் தொடங்கினார். இன்றும் பெரும்பாலானவர்களின் இடுப்பில் இருக்கும் கிண்ண உறை அதன் வழித்தோன்றல்தான்.

சிகிச்சை பெற்றவர்கள் இறந்தபின் அந்த மூட்டைத் தன்னிடம் ஆராயத் தரும்படியும் அவர் கேட்டு வைத்திருந்தார். வைத்ததோடு வேலை முடியவில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மூட்டின் முதல் ஆண்டு நன்றாகப் போவதைக் கொண்டு பத்தாம் ஆண்டைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

*

கோபால்ட். கியூபெக் நகரம், 1965–66. பியர் நுரை சீக்கிரம் அடங்கிவிடாமல் இருக்க டவ் என்ற மதுவடிசாலை மிகச் சிறிதளவு கோபால்ட் உப்பைச் சேர்த்தது. நிறையக் குடிப்பவர்களில் ஐம்பது பேரளவில் இதயத் தசை நொந்து வைத்தியசாலைக்கு வந்தார்கள். இருபது பேரளவில் இறந்தார்கள். சத்துக்குறைவும் மதுவும் சேர்ந்த உடலில் அந்தச் சிறிதளவே போதுமாயிருந்தது. கோபால்ட் இதயத்தைத் தாக்கும் என்று மருத்துவ உலகம் மறக்க முடியாதபடி கற்றுக்கொண்டது இந்த நாட்டில்தான்.

இடுப்பு மூட்டில் வைக்கும் உலோகப் பந்து பெரும்பாலும் கோபால்ட்டும் குரோமியமும் கலந்த உலோகம். பொலிஎதிலீனோடு உராயும்போது அது மிக மிகக் குறைவாகவே தேயும். உலோகத்தோடு உலோகம் உராய்ந்தால் நிலைமை வேறு.

*

ஜெர்மனியின் மார்பேர்க், 2012 மே. ஐம்பத்தைந்து வயதான ஒருவர் கடுமையான இதயச் செயலிழப்போடு அனுப்பப்பட்டார். காது ஏறக்குறையச் செவிடு, கண் ஏறக்குறையக் குருடு, காரணம் தெரியாத காய்ச்சல், தைரொயிட் சுரப்பியும் மந்தம். பல வைத்தியர்கள் பார்த்தும் விடை கிடைக்கவில்லை. பேராசிரியர் யூர்கன் ஷேஃபருக்கு ஒரு தொலைக்காட்சி நாடகம் ஞாபகத்துக்கு வந்தது. 'ஹவுஸ்' என்ற மருத்துவத் தொடரை அவர் மாணவர்களுக்குப் பாடம் சொல்லப் பயன்படுத்துபவர்; அதில் இதே அடையாளங்களோடு ஒரு கதை வந்திருந்தது. இரத்தத்தில் கோபால்ட்டை அளந்தார்கள். மிக அதிகம்.

நடந்தது இதுதான். அவருக்கு முதலில் வைத்திருந்தது செராமிக் மூட்டு. அது உடைந்தது. 2010 நவம்பரில் அதை எடுத்துவிட்டு உலோகப் பந்தும் பொலிஎதிலீன் கிண்ணமும் வைத்தார்கள். உள்ளே எஞ்சியிருந்த செராமிக் துணுக்குகள் உலோகப் பந்தை அரைத்துக்கொண்டே இருந்தன. அரைபட்ட உலோகம் இரத்தத்தில் கலந்து இதயத்துக்கும் காதுக்கும் கண்ணுக்கும் போனது. மூட்டை மாற்றி மறுபடி செராமிக் வைத்ததும் கோபால்ட் குறைந்தது, இதயமும் ஓரளவு தேறியது. கண்ணும் காதும் அவ்வளவாகத் திரும்பவில்லை. 2014 பெப்ரவரியில் இது 'லான்செட்' இதழில் வந்தது.

நான் இதில் திரும்பத் திரும்ப நினைப்பது ஒன்று. அவர் இதய வைத்தியரிடம் போனார், கண்ணுக்கும் காதுக்கும் வேறு வேறு இடம் போனார். எல்லாவற்றுக்கும் காரணம் கிடந்தது இடுப்பில்.

*

அலாஸ்காவில் ஸ்ரீபன் ரவர் என்ற எலும்பு மூட்டு நிபுணர். 2006-இல் அவருக்கே உலோகத்தோடு உலோகம் உராயும் மூட்டு வைக்கப்பட்டது. பிறகு காது இரையத் தொடங்கியது, மனம் நிலைகொள்ளவில்லை, இதயமும் தளர்ந்தது. தன் இரத்தத்தில் கோபால்ட் ஏறியிருப்பதைக் கண்டறிந்து மூட்டை மாற்றிக்கொண்டார். 2010-இல் தன்னையும் நோயாளியாகச் சேர்த்து மருத்துவ இதழில் எழுதினார். நிபுணர் என்பதால் அவர் தன் உடம்பில் தொடர்பைக் கண்டுபிடித்தார். எங்கள் தொடர்மாடியில் இருக்கும் அப்பா, அம்மாமாருக்கு அதை யார் கண்டுபிடிப்பது?

*

எங்கள் வயதானவர்களில் பலருக்குச் சுகர் உண்டு. கால் விறைத்தால் "சுகர்". காது கேட்காவிட்டால் "வயசு". மூச்சு வாங்கினால் "இதயம்". சோர்ந்து கிடந்தால் "குளிர்காலம்". அநேகமாக இந்த விடைகள் சரியாகத்தான் இருக்கும். கோபால்ட் நஞ்சேறுவது மிக அரிது. ஆனால் உலோக மூட்டு வைத்த ஒருவருக்கு இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இரத்தத்தில் கோபால்ட்டும் குரோமியமும் பார்க்கலாமா? சாதாரணமாக அது பில்லியனில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும். பிரித்தானியாவின் மருத்துவக் கருவிக் கண்காணிப்பகம் ஏழு பங்கு என்ற அளவை எச்சரிக்கைக் கோடாக வைத்தது.

*

டிபியூ நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். மூட்டு. இதுவும் உலோகத்தோடு உலோகம் உராயும் வகை. 2003-இல் சந்தைக்கு வந்தது. கிண்ணம் ஆழம் குறைந்தது. அதனால் பந்து கிண்ணத்தின் விளிம்பில் உராய்ந்து உலோகத் துகள் கொட்டியது. அவுஸ்திரேலியாவில் 2009-இன் கடைசியிலேயே விற்பனையை நிறுத்தினார்கள். 2010 ஓகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் ஏறத்தாழ 93,000 பேருக்கு வைத்தாயிற்று. ஐந்து ஆண்டுகளுக்குள் எட்டில் ஒருவர் அளவில் மறுபடி சத்திரசிகிச்சை செய்ய வேண்டியிருந்ததைப் பிரித்தானியப் பதிவேடு காட்டியது.

அதைக் காட்டியது ஒரு பதிவேடு என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். எந்த மூட்டு, யாருக்கு, எந்த ஆண்டு, எப்போது திரும்ப எடுத்தார்கள் என்று நாடு முழுவதும் எழுதி வைத்தால்தான் இப்படியொரு பிழை வெளியே தெரியும். சுவீடன் 1979-இல் இடுப்புப் பதிவேட்டைத் தொடங்கியது. கனடாவின் மூட்டு மாற்றுப் பதிவேடு 2001-இல் வந்தது.

*

இந்தியாவில் 4,700 ஏ.எஸ்.ஆர். சத்திரசிகிச்சைகள் நடந்தன. 2017-இல் மத்திய சுகாதார அமைச்சு நிபுணர் குழுவை அமைத்தது. அடுத்த ஆண்டு வந்த அறிக்கையின்போது ஏறத்தாழ 3,600 பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. 2018-இன் கடைசியில் 30 இலட்சத்திலிருந்து 1.23 கோடி ரூபா வரை இழப்பீட்டுக்கான கணக்கை அரசு வகுத்தது. தேடிப் பிடிக்க முடியாதவர்களுக்கு அந்தக் கணக்கால் என்ன பயன்?

இந்தியாவின் 2002-ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்கவிதிகளின்படி, தங்கிச் சிகிச்சை பெற்றவரின் ஆவணத்தை வைத்தியர் மூன்று ஆண்டுகள் பேண வேண்டும். கேட்டால் 72 மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும். 2007-இல் சென்னையில் இடுப்பு மாற்றிக்கொண்டு, பிறகு பிள்ளைகளோடு இங்கே வந்து சேர்ந்த ஒருவருடைய தாள்கள் அங்கே இன்னும் இருக்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. கனடாவின் பதிவேட்டிலும் அவர் இல்லை.

*

முறிவு. மூட்டு வைத்தவர் விழுந்து அந்தத் தொடை எலும்பு முறிந்தால், உலகம் முழுக்க வைத்தியர்கள் 'வன்கூவர் வகைப்பாடு' என்பதைப் பயன்படுத்துகிறார்கள். பிரிட்டிஷ் கொலம்பியப் பல்கலைக்கழகத்தின் டங்கனும் மஸ்ரியும் 1995-இல் வகுத்தது. மூன்று கேள்விகள்: முறிவு எங்கே? தண்டு, அதாவது மூட்டின் எலும்புக்குள் இறங்கும் பகுதி, இறுக்கமாக இருக்கிறதா, தளர்ந்துவிட்டதா? மிச்ச எலும்பு எப்படி? தண்டு இறுக்கமென்றால் முறிவைப் பொருத்தினால் போதும். தளர்ந்திருந்தால் தண்டையே மாற்ற வேண்டும். விழுவதற்கு முன்பே சில மாதங்களாகத் தொடையில் நோ இருந்ததா என்பது இங்கே முக்கியமான தகவல், தண்டு முன்னரே தளர்ந்திருந்ததற்கு அது அடையாளமாகலாம். எங்கள் ஆட்கள் "ஏன் சும்மா வைத்தியரைக் கரைச்சல்படுத்துவான்" என்று அதைச் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். சொல்லுங்கள்.

*

பிந்தி வரும் தொற்று. சத்திரசிகிச்சை முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும் வேறெங்கோ இருக்கும் கிருமி இரத்தத்தின் வழியாகப் போய் மூட்டில் குடியேறலாம். காலில் ஆறாத புண், தோலில் சீழ்க்கட்டி ஆகியவை வாசல்கள். நீரிழிவு உள்ளவர் தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இடுப்பும் ஒரு காரணம்.

பல் பிடுங்கும் முன் எல்லோருக்கும் அன்ரிபயோற்றிக் வேண்டுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். கனடாவின் எலும்பியல் சங்கமும் பல் மருத்துவச் சங்கமும் நுண்ணுயிர், தொற்றுநோய் மருத்துவச் சங்கமும் 2016-இல் சேர்ந்து சொன்னது: மூட்டு மாற்றியவர்களில் பெரும்பாலானோருக்கு வழக்கமாகக் கொடுக்கத் தேவையில்லை. உங்கள் நிலை வேறாக இருக்கலாம். உங்கள் வைத்தியரைக் கேளுங்கள். பக்கத்து வீட்டில் மிஞ்சிய மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். காய்ச்சலும் இடுப்பில் புதிய நோவும் சேர்ந்து வந்தால் அந்த மாத்திரை கிருமியை மறைத்துப் பரிசோதனையைக் கெடுத்துவிடும்.

*

எலும்பு வளரக் கூடாத இடத்தில் வளர்வது. மூட்டைச் சுற்றிய தசைக்குள் எலும்பு முளைத்து, நோ அடங்கியபின்னும் மூட்டு மடங்காமல் போகும். ஆண்களுக்கும், முள்ளந்தண்டு இறுகும் வாதநோய் உள்ளவர்களுக்கும் இது கூடுதலாக வரும். முன்கூட்டியே தெரிந்தால் இண்டோமெதசின் மாத்திரையாலோ ஒரு தடவை கொடுக்கும் கதிர்வீச்சாலோ தடுக்க முயலலாம். அதனால் முன்பு ஒரு பக்கம் செய்தபோது இப்படி வந்தது என்றால், மறுபக்கம் செய்யும் முன் சொல்ல வேண்டும்.

*

நழுவுதல். பின்பக்கமாகத் திறந்து செய்தவர்களுக்கு முதல் வாரங்களில் சொல்லும் விதிகள்: இடுப்பைச் செங்கோணத்துக்கு மேல் மடக்காதே, காலுக்கு மேல் கால் போடாதே, பாதத்தை உள்ளே திருப்பாதே. எங்கள் வாழ்க்கையில் இந்த விதிகளோடு மோதும் இடங்கள் உண்டு: தரையில் சப்பாணி கட்டி உட்காருவது, விழுந்து கும்பிடுவது, அரிவாள்மனையில் மரக்கறி வெட்டுவது. பிசியோதெரபிஸ்ட் தரும் ஆங்கிலத் தாளில் கதிரையும் காரும் இருக்கும், இவை இருக்காது. நீங்களே கேளுங்கள்: கோயிலில் கீழே இருக்கலாமா, எப்போதிலிருந்து? கேட்டால் அவர்கள் அக்கறையாகச் சொல்லித் தருகிறார்கள்.

*

இனி, செய்ய வேண்டியது. சத்திரசிகிச்சை அறிக்கையில் ஒட்டுத்தாள்கள் இருக்கும்: நிறுவனத்தின் பெயர், பகுதியின் இலக்கம், தொகுதி இலக்கம். ஒன்ராறியோவில் 2004-ஆம் ஆண்டின் தனிப்பட்ட சுகாதாரத் தகவல் பாதுகாப்புச் சட்டம் உங்கள் ஆவணத்தைக் கேட்டுப் பெறும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. வைத்தியசாலையின் ஆவணப் பிரிவில் எழுதிக் கொடுத்து வாங்கலாம். சிறு கட்டணம் இருக்கும். அந்தப் பக்கத்தை ஒரு பிரதி குடும்ப வைத்தியரிடம், ஒரு பிரதி பிள்ளையின் தொலைபேசியில், ஒரு பிரதி மருந்துப் பையில் வையுங்கள். இதயத்துக்கு, காதுக்கு, கண்ணுக்கு யாரிடம் போனாலும் அதையும் கொண்டு போங்கள்.

ஊரிலோ இந்தியாவிலோ செய்துகொண்டு வந்தவர்கள் பழைய பையைத் தேடுங்கள். தாள் கிடைக்காவிட்டால் எக்ஸ்-ரே எடுத்து எலும்பு மூட்டு நிபுணரிடம் காட்டுங்கள். உலோகத்தோடு உலோகமா என்பதைப் படத்தைப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடுவார். குறிப்பாக 2004-க்கும் 2010-க்கும் இடையில் இந்தியாவில் இடுப்பு மாற்றிய ஒருவர் உங்கள் வீட்டிலோ அடுத்த கதவிலோ இருந்தால், நோ இல்லை என்றாலும், இந்தக் கிழமையே குடும்ப வைத்தியரிடம் நேரம் கேட்டு எழுதி வையுங்கள். தேடிக் கிடைக்காத அந்த 3,600 பேரில் ஒருவர் அவராக இருக்கலாம்.